லைட் ஸ்டாண்டைப் பார்த்து அழுதவள்

ஓடிப்போன மகள் திரும்பி வந்து வாசலில் நிற்கிறாள். தாய் அவளைப் பார்த்து அழுகிறாள். படத்துக்கு உயிரே அந்தக் காட்சிதான். அதைப் பார்த்துத் தியேட்டரே கொல்லென்று சிரித்தது.

சிரித்தது வெளியாட்கள் இல்லை, பனியன் கம்பெனி ஆட்கள்தான். பெருமாநல்லூரில் பனியன் கம்பெனி நடத்தும் மகுடேஸ்வரன்தான் படத்துக்கும் முதலாளி. வெளியாகும் முன்பே பார்க்கட்டும் என்று தன் கம்பெனி டெய்லர்களையும், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் பெண்களையும் கூட்டி வந்திருந்தார். தாயாக நடித்த இந்துமதியும் அதே செக்கிங்கில் வேலை பார்ப்பவள். இருட்டில் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நாளைக்கு இவர்கள் மத்தியில்தானே போய் நிற்க வேண்டும்!

விளக்கு எரிந்ததும் டைரக்டர் யுவன் வாய் கூசாமல் சொன்னான்.

"அந்த சீன் அந்தம்மாவாலதான் கெட்டுதுங்க சார். மூஞ்சியில ஒண்ணுமே வரல. வேற ஆளப் போட்டு எடுத்துக்கலாங்க."

அவ்வளவுதான், இந்துமதி எழுந்துவிட்டாள். பிறந்ததிலிருந்து ஆசைப்பட்டுக் கிடைத்த ஒரே வேஷம் அது. விடுவாளா?

"ஏனுங்க, நானா கெடுத்தேன்? என்ற முன்னாடி யாருங்க நின்னா? ஒரு லைட் ஸ்டாண்டு! அதுல டேப்ப ஒட்டி, இதுதான் உங்க மக, பார்த்து அழுங்கன்னீங்க. இவ எதுக்குத் திரும்பி வந்தா, எனக்குக் கோவமா, சந்தோஷமான்னு கேட்டேன். அழுதாப் போதும், மியூசிக்ல பார்த்துக்கலாம்னுட்டு டிரோன் கேமராகிட்டப் போயிட்டீங்க. இரும்புக் கம்பியப் பார்த்து எந்த ஆத்தாளுக்குங்க அழுகை வரும்?"

"வர்ஷினி அன்னைக்கு ஷூட்டிங்ல இல்லீங்க" என்று முனகினான் யுவன்.

மகளாக நடித்த வர்ஷினி முன்வரிசையிலிருந்து வெடுக்கென்று திரும்பினாள். "பொய் சொல்லாதீங்க சார். நான் கேரவன்லதான் உட்கார்ந்திருந்தேன். அக்காவுக்கு எதிர்ல வந்து நிக்கறேன்னு கேட்டதுக்கு, உன் மூஞ்சி ஃப்ரேம்ல வராது, வேண்டாம்னுட்டீங்க."

மகுடேஸ்வரனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஏந்தம்பி, ஒரு டி-ஷர்ட்டுக்கே சேம்பிள் தெச்சு, ஆளுக்கு மாட்டிப் பார்த்துட்டுத்தான் துணிய வெட்டறோம். நீ ஒரு தடவையாச்சும் இவங்களை எதிரெதிர்ல உட்கார வெச்சுப் பேச வெச்சியா? இந்தம்மாவையே வெச்சு மறுக்கா எடு!"

"நடிக்கறேனுங்க முதலாளி" என்றாள் இந்துமதி. கோபம் இன்னும் அடங்கவில்லை. "ஆனா மொதல்ல என்ற பேரு என்னன்னு இவரு சொல்லட்டும்."

யுவன் வாயைத் திறந்தான். பிறகு பக்கத்தில் இருந்த உதவி டைரக்டரைத் திரும்பிப் பார்த்தான்.