துரு தின்ற பெயர்

காட்சினாவில் கம்போவின் கொல்லுப்பட்டறை ஓரமாகத்தான் நான் பயறு மாவில் கொசை வடை சுட்டு விற்கிறேன். அவன் போன மழைக்கு வந்த புது ஆள். பெருநாளுக்கு இரண்டு நாள் இருக்கையில் என் தோழி டேலு வந்து, துணியைப் பிரித்து ஒரு கத்தியை அவன் முன்னால் வைத்தாள்.

"என்னம்மா இது, கத்தியா ரம்பமா?"

"கத்திதான். சின்னவன் இதாலதான் கிடா அறுக்கணும்."

"இந்த வாயால அறுத்தா கிடா என்னைத்தான் சபிக்கும். யாரு பண்ணின வேலை?"

"மருமக. விறகு பிளந்திருக்கா, தகர டப்பா திறந்திருக்கா."

"நீங்க பாத்துக்கிட்டா இருந்தீங்க?"

நான்தான் சொன்னேன்: "மூத்தவன் கத்திடா அது. இவ எப்படிப் பரிஞ்சு பேசுவா?"

எங்கள் ஹௌசாக்காரர்களில் தலைப்பிள்ளையிடம் தாய் பாசம் காட்டினால் வெட்கக்கேடு. பெயரைக்கூடச் சொல்ல மாட்டாள். டேலுவின் மூத்தவன் கசாப்புக்காரன். லாரி கவிழ்ந்து செத்து இரண்டு வருஷம். அன்றைக்கும் அவள் அழுது நான் பார்க்கவில்லை.

கம்போ ஆழமான பொக்கையை நகத்தால் தடவினான். "இது முடியற வரைக்கும் ராவினாத்தான் புது வாய் வரும். ராவினா இந்தப் பேரு போயிடும்."

வாயோரமாகச் செதுக்கியிருந்த மூத்தவன் பெயரைத் துரு பாதி தின்றிருந்தது.

"பேரு இருக்கட்டும்பா. வாயை மட்டும் சரி பண்ணு."

"ரெண்டும் நடக்காதும்மா. பேரைச் சொல்லுங்க, பிடிகிட்ட திரும்ப வெட்டித் தரேன். இதுல எனக்குப் படிக்க வரல."

டேலு என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லேன்."

எனக்கு ஏதோ பிடிவாதம். "நீயே சொல்லுடி. புதைச்சு ரெண்டு வருஷமாச்சு. இன்னும் யாருகிட்ட வெட்கம்?"

"இருந்தப்ப கூப்பிட்டிருந்தா திரும்பிப் பாத்திருப்பான். இப்ப சொன்னா யாரு திரும்புவா?"

கம்போ அரத்தைப் பிடித்தபடி காத்திருந்தான். நானும் காத்திருந்தேன்.

"ராவுப்பா," என்றாள் டேலு.

கொஞ்ச நேரத்தில் பெயர் போய்விட்டது. பிறகு கல்லில் நீர் விட்டுத் தீட்டினான். கட்டைவிரல் நகத்தில் வைத்தபோது வாய் வழுக்காமல் நின்றது. கத்தி விரல் அகலத்துக்கு இளைத்திருந்தது. டேலு அதைத் துணியில் சுற்றிக்கொண்டு, என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே போனாள்.

"அந்தப் பையன் பேரு என்ன பெரியம்மா?"

"ஷுஐபு."

கம்போ அரத்தைத் தட்டித் தூளை உதறினான்.

"இதை அப்பவே சொல்லியிருக்கலாமே," என்றான்.