புகைக் கடதாசி

என்னுடைய பைக் அளவுக்கு மேல் புகை தள்ளுவதில்லை என்று முத்திரை குத்திய கடதாசி ஒன்று வீட்டில் இருக்கிறது. சாமிப்படத்துக்குப் பின்னால், பொலித்தீன் உறைக்குள். அதை எடுத்துப் பார்க்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

என் பெயர் விநாயகமூர்த்தி. மாங்கேணிக் கரையில் தோணிக்காரரிடம் மீன் எடுத்து, பெட்டியில் ஐஸ் போட்டு, ஓட்டமாவடிச் சந்தையில் விற்கிறவன். பைக் டூ ஸ்ட்ரோக். மணல், சேறு, காடு எல்லாம் ஏறுகிற உயரமான பழைய பைக். பெற்றோலோடு ஒயில் கலந்து ஊற்றினால்தான் ஓடும். ஓடினால் பின்னால் வெள்ளைப் புகை போகும். நான் ஒரு கட்டை, ஒரு மைல் தூரத்தில் வரும்போதே என் மனைவி கண்ணகை சத்தம் கேட்டு அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துவிடுவாள்.

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களைக் காப்பாற்றியது இந்தப் பைக்தான். ஒழுங்கையில் நின்ற வான் மணலில் புதைந்தது, பைக் புதையவில்லை. பெற்றோல் டாங்கி மேல் நாலு வயது மகள் விதுர்ஷா, பின்னால் கண்ணகை. கண்ணகையின் தங்கச்சி சீதேவிக்கு இடமில்லை. அவளைக் கடல் கொண்டுபோனது. ஓடி வரும்போது தண்ணீரில் அம்பிட்டுவிட்டாள் என்று நான்தான் எல்லோருக்கும் சொன்னேன்.

அதைக் கேட்ட கண்ணகை ஒரு சட்டம் போட்டாள். "ஓடினபடியாத்தான் தங்கச்சி போனாள். நாங்க ஓட மாட்டம். என்ன வந்தாலும் கோயில் முடக்குல நிப்பம். நீங்க பைக்கோட வரணும்." நான் ஓம் என்று தலையாட்டினேன். யுத்தத்தில் ஷெல் விழுந்த நாளிலும் அவள் பிள்ளையோடு ரோட்டு வளைகிற அந்த முடக்கில்தான் நின்றாள். நானும் போய் ஏற்றிக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு அவளுக்கு இந்தப் பைக்கில் இருந்த நம்பிக்கை சாமியில்கூட இருக்கவில்லை.

யுத்தம் முடிந்தது, தார் ரோட்டு வந்தது. ரோட்டுக்குப் பின்னாலேயே சட்டமும் வந்தது. புகைப் பரிசோதனையில் பாஸ் பண்ணினால்தான் வருட லைசன் தருவார்களாம். டூ ஸ்ட்ரோக் எல்லாம் இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான் என்று சந்தையில் ஆளுக்கு ஆள் பயம் காட்டினார்கள். இத்தனை வருடம் இந்த மண்ணில் எரிந்த எரிவெல்லாம் எவன் கண்ணிலும் படவில்லை, என் சைலன்சர் மட்டும் பட்டுவிட்டது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கோபம் பாதிதான். மற்றப் பாதி பயம். பைக் போனால் கோயில் முடக்குக்கு நான் எதில் போவேன்?

போர் முடிந்து மூன்றாம் வருடம், சித்திரை வருடப்பிறப்புக்கு இரண்டு நாள் முன்பு, ஓட்டமாவடியில் பாஹிமின் கராஜுக்குப் போனேன். என் பைக்கின் நோய்நொடி எல்லாம் அறிந்த மெக்கானிக் அவன்.

"வேற வழியில்ல மூர்த்தியண்ணே," என்றான். "ஒயில் கலந்த பெற்றோல முழுக்க எறக்கிட்டு வெறும் பெற்றோல் ஊத்துவம். புகை வராது, பாஸ் பண்ணிரும். எல்லாரும் இப்பிடித்தான் செய்யிறாங்க."

"ஒயில் இல்லாம இஞ்சின் இறுகிப் போகாதா?"

"இஞ்ச இருந்து அங்க போய்த் திரும்பி வரத் தாங்கும். வேற எங்கயும் போயிராதீங்க. ஒங்கட ஒயில் போத்தல இந்தா, இந்த வாங்குப் பலகையிலயே வெச்சிருக்கன்."

பரிசோதனை நிலையத்தில் பெரிய வரிசை. இரண்டு மணி கடந்திருக்கும், காலின் கீழ் நிலம் மெல்ல ஆடினது போல் இருந்தது. லொறி ஏதும் போயிருக்கும் என்றார் பக்கத்தில் நின்றவர். என் முறை வந்தது. சைலன்சருக்குள் குழாயைச் செருகினார்கள், கம்பியூட்டர் பார்த்தார்கள், கடதாசியில் முத்திரை விழுந்தது. என் முகத்தில் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு முடிய முதல் பள்ளிவாசல் ஸ்பீக்கர் கத்தத் தொடங்கியது. இந்தோனேசியாவில் பெரிய பூமி நடுக்கமாம். கடற்கரையில் இருக்கிறவர்கள் எல்லோரும் உடனே உள்ளுக்குப் போகவேண்டுமாம். நாலரை மணிக்குள் கடல் வரலாமாம்.

அப்போது மூன்று மணி. கண்ணகைக்குப் போன் அடித்தேன். லைன் எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். ஊரே அடித்துக்கொண்டிருந்தால் எப்படி எடுக்கும்? பைக்கில் ஏறினேன். பாஹிமும் அவனுடைய வாங்கும் ஒயில் போத்தலும் ஒன்றுமே எனக்கு ஞாபகம் இல்லை.

ரோட்டு நிறையச் சனம் எதிரே வந்தது. டிரக்டரில், ஓட்டோவில், சைக்கிளில், கால்நடையாக. ஒருத்தி பலகாரப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடினாள். "எங்க போறாய், கடல் வருகுது!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்கள். பைக் என்றுமில்லாத வேகத்தில் பறந்தது. காயாங்கேணி தாண்டிச் சும்மா திரும்பிப் பார்த்தேன். பின்னால் புகை இல்லை. ரோட்டு நீளத்துக்குத் துப்புரவாக இருந்தது. இத்தனை வருடத்தில் ஒரு நாளும் நான் காணாத துப்புரவு. அப்போதுதான் ஒயில் ஞாபகம் வந்தது.

வேகத்தைக் குறைக்க முதலே இஞ்சின் கிறீச்சென்று கத்தியது. பின் சில்லு இறுகி இழுபட்டு, ரோட்டோரப் பற்றைக்குள் விழுந்தேன். முழங்கை தோல் உரிந்தது. எழும்பிக் கிக்கரை மிதித்தேன். அது அசையவில்லை, கல்லுப் போல் நின்றது.

சூடு ஆறினால் விடும் என்று எனக்குத் தெரியும். விட்டாலும் ஒயில் வேண்டும். பக்கத்தில் ஒரு வீடு திறந்து கிடந்தது. ஆள் இல்லை. குசினியில் தாச்சியில் முறுக்குக் கருகிக்கொண்டிருந்தது, விட்டது விட்டபடி ஓடியிருக்கிறார்கள். அடுப்பு விறகை வெளியே இழுத்துப் போட்டேன். மூலையில் அரைப் போத்தல் தேங்காயெண்ணெய் இருந்தது. யுத்தத்தில் ஒயில் வராத காலத்தில் கையில் அம்பிட்ட எண்ணெயைக் கலந்து ஓட்டியவர்கள் நாங்கள். முழுவதையும் டாங்கிக்குள் ஊற்றிக் குலுக்கினேன். பிறகு செய்ய ஒன்றுமில்லை. இஞ்சின் ஆறும்வரை நிற்கவேண்டும்.

அந்த ரோட்டில் நான் தனியே நின்ற கால் மணித்தியாலத்தைப் போல ஒரு பயத்தை ஷெல்லடியிலும் நான் படவில்லை. எதிரே வந்த சனம் முடிந்துபோயிருந்தது. நாய் கூட இல்லை. இங்கே நான் நிற்கிறேன், அங்கே கண்ணகை நிற்பாள். நான் வருவேன் என்று நிற்பாள், சீதேவி நின்றது போல.

ஓம். சீதேவி ஓடவில்லை. அன்று பைக்கை எடுக்கும்போது, "முடக்குல நில்லு, இவங்கள விட்டுட்டு மறுகா வாறன்," என்று அவளிடம் கத்தியவன் நான். பைக் சத்தத்திலும் பிள்ளையின் அழுகையிலும் கண்ணகைக்கு அது கேட்கவில்லை. இவர்களை இறக்கிவிட்டுப் பைக்கைத் திருப்பினேன். தூரத்தில் பனை உயரத்துக்குத் தண்ணீர் தெரிந்தது. எனக்குப் பயம் பிடித்தது. நான் போகவில்லை. கேட்டவர்களுக்கு ஓடினாள் என்றேன். அந்தப் பொய்யை நம்பித்தான் என் மனைவி ஓடக் கூடாது என்று சட்டம் போட்டாள். ஏழு வருடமாக நானும் ஓம் ஓம் என்று தலையாட்டியிருக்கிறேன்.

கிக்கரை மறுபடி மிதித்தேன். இறங்கியது. நாலாம் மிதியில் இஞ்சின் இருமிக்கொண்டு பிடித்தது. முறுக்குச் சுடுகிற வாசத்தோடு குப்பென்று வெள்ளைப் புகை எழும்பியது. அழுகை வந்தது எனக்கு. அழுதுகொண்டே ஓட்டினேன்.

நாலு மணி கடந்து கோயில் முடக்குக்கு வந்தேன். ஊரில் ஒரு குருவி கூட இல்லை. கண்ணகை நின்றாள். தன்னுடைய கையையும் விதுர்ஷாவின் கையையும் சீலைத்தலைப்பால் சேர்த்துக் கட்டியிருந்தாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அழுது முகமெல்லாம் வீங்கியிருந்தது.

"ரெண்டு டிரக்டர் போச்சுது அப்பா," என்றாள் விதுர்ஷா. "இளையதம்பி மாமா இறங்கி வந்து கும்பிட்டுக் கேட்டவர். அம்மா ஏற விடல்ல."

"அப்பா வருவார் எண்டு சொன்னன்தானே மனே," என்றாள் கண்ணகை. அவள் முகத்தில் பயமே இல்லை. அதைப் பார்க்க எனக்குத்தான் பயம் வந்தது.

கட்டோடு கட்டாய் இருவரையும் ஏற்றிக்கொண்டு காட்டுப்பாதையால் உள்ளுக்கு விட்டேன். ஊர்ச்சனம் எல்லாம் குளத்துக்கட்டில் கூடியிருந்தது. நாலரை ஆனது. ஐந்தானது. கடல் வரவில்லை. இருட்டுப்பட முதல், எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள் என்று யாரோ ரேடியோ கேட்டுச் சொன்னார்கள். சனம் சிரித்தது, சிலர் அழுதார்கள்.

"ஏன் இவ்வளவு சுணங்கினீங்க?" என்று கண்ணகை கேட்டாள். கோபமில்லை, சும்மா கேட்டாள்.

சனம், ரோட்டு, நெரிசல் என்று ஆயிரம் சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுடைய கையில் அந்தக் கட்டு இன்னும் இருந்தது. பாஹிமின் கராஜில் ஒயிலை இறக்கியதைச் சொன்னேன், இஞ்சின் இறுகியதைச் சொன்னேன். அதோடு நிற்க முடியவில்லை. சீதேவியையும் சொன்னேன்.

அவள் சீலை முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். அது இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தாள். மகளின் மணிக்கட்டில் சிவப்பாய்த் தடம் கிடந்தது. அதைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"இனி ஒருத்தருக்காகவும் நிக்காத மனே," என்றாள் மகளிடம். "எது முன்னால வருகுதோ அதில ஏறிப் போ. ஒண்டும் இல்லாட்டி ஓடு. அம்மாவப் பார்த்தும் நிக்காத."

டிரக்டர்கள் ஊருக்குத் திரும்பின. நான் பைக்கை ஸ்டார்ட் பண்ணி, ஏறுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணகை பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போய் இளையதம்பியின் டிரக்டரில் ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை. புகை தள்ளாது என்ற கடதாசி சட்டைப்பையில் கிடக்க, புகை தள்ளிக்கொண்டு நான் தனியே அவர்களுக்குப் பின்னால் போனேன்.