அணைக்காத போன்

"போலீஸ் ஸ்டேஷன் வாசல்லயே போனை அணைச்சிடுங்க. அப்புறம் போட்டா ரகசிய எண்ணைத்தான் கேக்கும், உங்க விரலை இழுத்து வச்சாலும் திறக்காது." பெல்கிரேட் பத்திரிகை அலுவலகத்தில் எல்லோருக்கும் பாடம் எடுத்தவள் யெஃபிமியா. இன்று, மருத்துவமனை ஊழல் செய்தியை யார் கொடுத்தது என்று விசாரிக்க போலீஸ் அழைத்தபோது, அவளே அணைக்கவில்லை. போலீஸ் மிரட்டுவதைப் பதிவு செய்ய வேண்டும் என்ற நிருபர் புத்தி விடவில்லை.

"பைக்குள்ளயே கை இருக்கே, முட்டையா அடைகாக்குற?" என்றார் ஆய்வாளர் ராத்கோ.

காவலர்கள் இருவர் அவள் கையை முறுக்கி, கட்டைவிரலைப் போனில் அழுத்தினார்கள். திறந்துகொண்டது.

"கோர்ட் உத்தரவு எங்கய்யா?"

"உன் விரல்தாம்மா உத்தரவு."

மருத்துவமனை ஊழலை ரகசியமாகச் சொன்ன செவிலியின் எண்தான், பெயர் இல்லாமல், அழைப்புப் பட்டியலில் முதலில் இருந்தது. ராத்கோ அதையே அழைத்தார்.

"சொல்லுடி யெஃபிமியா, ஸ்லவியாங்காதான் பேசுறேன்" என்றது போன்.