சேப்பல் பாதைக்கு வந்த விசாரணை

ஊர்ப் பொதுக்கூடத்தில் நாற்காலி போதவில்லை. ஹெஸ்டர் பியூ தன் தங்கை ஆல்வெனைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தபோது, எழுந்து வழிவிட்டவர்கள் முகத்திலெல்லாம் திருவிழாக் களை. இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியிலுள்ள அந்தச் சின்னக் கிராமத்துக்கு அரசாங்க விசாரணை அதிகாரி வருவது அதுவே முதல் முறை.

விஷயம் இதுதான். ரட்ஜ் குடும்பத்து மேய்ச்சல் நிலத்தின் ஊடே சேப்பல் என்னும் ஊரின் சிறு தேவாலயத்துக்கு ஒரு பாதை போகிறது. ஊரார் காலங்காலமாக நடந்த பாதை. ஆனால் அரசாங்க வரைபடத்தில் இல்லை. போன வருஷம் கிளெமென்ட் ரட்ஜ் வேலிக்கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். மற்ற வழி, லாரிகள் பறக்கும் நெடுஞ்சாலை. அதில் நாற்காலியைத் தள்ளத் துணிவில்லாமல் ஆல்வென் பதினான்கு மாதமாக ஞாயிறு ஆராதனையைப் பார்க்கவில்லை. யாரிடமும் அனுமதி கேட்காமல், ஒளிவுமறைவின்றி இருபது வருஷம் ஊர் நடந்திருந்தால் அது பொதுப்பாதை என்பது சட்டம். அதற்கான முப்பத்தொரு சாட்சிப் படிவங்களையும் வீடு வீடாகப் போய்ச் சேர்த்தவள் ஹெஸ்டர்.

"படிவத்தைத் தலைகீழாப் பிடிச்சிருக்கியே அக்கா," என்றாள் ஆல்வென்.

"சந்தோஷத்துலடி. சும்மா இரு, அதிகாரி பாக்குறாரு."

ஹெஸ்டர் சாட்சி சொல்ல எழுந்தாள். ரட்ஜின் வக்கீல் சாவகாசமாகக் கேட்டார்: "இந்த நிலத்துல நடக்க யார்கிட்டயாவது அனுமதி கேட்டதுண்டா மேடம்?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். படிவத்திலும் அப்படித்தான் எழுதியிருந்தாள். அந்த நொடியில்தான் ரட்ஜ் வீட்டுப் பின்வாசல் அவள் நினைவுக்கு வந்தது. ஆண்டவரே, இதை ஏன் இப்போது காட்டுகிறீர் என்று உள்ளுக்குள் தவித்தாள்.

"கேட்டிருக்கேன்," என்றாள். "அறுவடைப் பண்டிகைக்கு வருஷா வருஷம் கிளெமென்ட்டோட அப்பா, பெரியவர் ஏமஸ் ரட்ஜுக்கு பிளம் கேக் கொண்டுபோவேன். 'சேப்பல்காரங்க இந்த வருஷமும் நடந்துக்கலாமா ஐயா'ன்னு கேப்பேன். 'தாராளமா'ம்பாரு. இருபத்திரண்டு வருஷம். மரியாதைக்குக் கேட்டது. அது அனுமதின்னு எனக்கு இப்பதான் உறைக்குது."

பின்வரிசையிலிருந்து தபால்காரர் டெஸ்மண்ட், "கேக் சுட்டே பாதையைக் கெடுத்துட்டாளே மகராசி," என்றார்.

"இது உங்க தரப்புக்குப் பாதகம். புரியுதா?" என்றார் அதிகாரி.

"புரியுதுங்க. ஆனா நடந்தது அதுதானே."

உட்காரப் போனவள் நின்றாள். கிளெமென்ட் பக்கம் திரும்பினாள். "தம்பி, உங்க அப்பா போன பிறகு நான் அந்த வாசப்படி மிதிக்கல. நீங்க ஒருத்தர் இருக்கீங்கன்னே நினைக்காம நடந்தோம். எவரோ அவிழ்த்துவிட்ட நாய் உங்க ஆட்டுக்குட்டி ஆறைக் கடிச்சப்பவும் வந்து விசாரிக்கல. அது எங்க தப்பு."

"எட்டு," என்றார் கிளெமென்ட். வக்கீல் கோட்டைப் பிடித்து இழுத்தும் எழுந்துவிட்டார். "எட்டுக் குட்டி. ஒரு ஆள் கதவத் தட்டல. நீங்கதான் முதல்ல பேசுறீங்க."

அவர் ஆல்வெனின் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தக் கதவுல இது நுழையாதே. எப்படிப் போனீங்க?"

"நாலு பேர் தூக்குவாங்க. டெஸ்மண்ட் மட்டும் கூலி வாங்காத குதிரை மாதிரி முனகுவான்," என்றாள் ஆல்வென். கூடம் சிரித்தது.

கிளெமென்ட் அதிகாரியிடம் கேட்டார்: "நிலக்காரனே பாதையைக் குடுத்தா?"

"எழுதிக் குடுத்தாப் போதும். பிறகு அது எல்லாருக்கும், என்னைக்கும்."

"அப்போ எழுதிக் குடுக்கறேன். நாயைக் கயித்துல பிடிக்கணும். தானா மூடிக்கிற அகலக் கதவு போடணும்."

"கதவை நான் மாட்டித் தரேன்," என்று டெஸ்மண்ட் கத்தினார். "முனகாமலே."

அதற்குப் பிறகு யாரையும் உட்கார வைக்க முடியவில்லை; எல்லாரும் வேலிக்கதவுக்கே கிளம்பினார்கள். கிளெமென்ட் ஆடுகளை அடுத்த வயலுக்கு ஓட்டிவிட்டு, பழைய கதவைக் கீலோடு கழற்றி வேலியில் சாய்த்தார். நாற்காலி தடுக்காமல் உள்ளே உருண்டது. மழை ஈரம் காயாத புல்லில், அதிகாரி உட்பட மொத்தக் கூடமும் அதன் பின்னால் வந்தது.

"இன்னிக்கு வியாழன் ஆச்சே, சேப்பல் பூட்டியிருக்குமே," என்றாள் ஹெஸ்டர், மூச்சு வாங்க.

"இருக்கட்டும் அக்கா," என்றாள் ஆல்வென். "வாசல் வரைக்கும் தள்ளு."