அக்காவின் கால் அளவு

ஈரச் சப்பாத்தை அடுப்போரம் காயவைக்கலாம் என்று கவிழ்த்தபோது உள்ளேயிருந்து ஒரு நகம் விழுந்தது. சுண்டுவிரல் நகம். சுதர்ஷினி அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் தங்கை லோஜினி உப்புத் தண்ணீரில் காலை வைத்தபடி, ஒன்றும் நடக்காததுபோல எதிர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுதர்ஷினி நகத்தை அடுப்பில் போட்டுவிட்டு ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

வியாழக்கிழமை நுவரெலியாவில் லோஜினிக்கு ஓட்டப் பரீட்சை. பொலிஸில் சேர எழுத்துப் பரீட்சை தேறியாகிவிட்டது, மிச்சம் இருப்பது இந்த ஓட்டம்தான். இதில் தேறாவிட்டால் அடுத்த முறை ஆள் எடுக்கும்போது வயது தாண்டிவிடும். அதற்குப் பிறகு தேயிலைக் கொழுந்து பறிக்கிற மலைதான். அதை அக்காளும் தங்கச்சியும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை. அந்த மைதானம் முழுக்கச் சரளை, வெறுங்காலோடு ஓடினால் பாதித் தூரத்தில் தோல் உரிந்துவிடும் என்று போய்வந்த பிள்ளைகள் சொன்னார்கள். சப்பாத்து வேண்டும். இதுவரை போட்டுப் பார்த்தவை மூன்று. கடையில் விற்கிற சப்பாத்தெல்லாம் மீனைப் போல முன்னால் ஒடுங்கிப் போகும். இந்த வீட்டுக் கால் மண்வெட்டியைப் போல முன்னால் விரியும். நீளத்துக்குப் பார்த்து வாங்கினால் அகலத்தில் கடிக்கும், அகலத்துக்குப் பார்த்தால் நுனியில் ஒரு எலி குடியிருக்கலாம்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமதானே, அட்டன் போய்ட்டு வாறேன்," என்றாள் சுதர்ஷினி. "பழைய சப்பாத்து கொட்டி விப்பாங்கள்ல, அதுல பாக்குறேன்."

"நானும் வாறேன்க்கா."

"இந்தக் காலை வச்சிக்கிட்டா? பஸ்ஸுல எவனாவது ஏறி மிதிச்சான்னா நொண்டியடிக்கிற போட்டிக்குத்தான் போகணும்."

"அப்ப அளவு?"

"அளவுக்கு நான் இருக்கேன்ல."

அதில் லோஜினிக்கும் சந்தேகம் வரவில்லை. பள்ளிக்கூட நாட்களில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு சோடி வெள்ளைச் சப்பாத்துத்தான். விளையாட்டுப் போட்டி அன்று சுதர்ஷினி முதலில் ஓடுவாள். ஓடி முடித்ததும் புல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே கழற்றிக் கொடுப்பாள். சூடு ஆறாத அந்தச் சப்பாத்துக்குள் காலை நுழைத்துக்கொண்டு லோஜினி அடுத்த ஓட்டத்துக்குப் போவாள். ஒரு வயது வித்தியாசம் கால்களுக்குத் தெரியாது. அம்மா படுக்கையில் விழுந்த வருஷம் சுதர்ஷினி தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து பறிக்க மலைக்குப் போனாள். சப்பாத்து லோஜினிக்கு மட்டும் என்று ஆனது.

அட்டனில் அன்று தூறல். பொகவந்தலாவையிலிருந்து வளைந்து வளைந்து வந்த பஸ்ஸில் நின்றபடியே வந்ததில் இடுப்பு கழன்றுவிடும்போல இருந்தது. வாரம் முழுக்கச் சரிவில் நின்ற உடம்பு, ஞாயிற்றுக்கிழமையாவது தன்னை விடச்சொல்லிக் கெஞ்சியது. பஸ் நிலையத்துக்கு மேலே போகிற படிக்கட்டின் ஓரத்தில், கூரையாகக் கட்டிய நீலப் படங்குக்குக் கீழே சப்பாத்துகளை மலைபோலக் குவித்துவைத்திருந்தார் ஒருவர். அவள் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்து, செருப்பைக் கழற்றிக் காலை நுழைத்துப் பார்த்தாள். பாதிக்கு மேல் எதுவும் போகவில்லை. கடைக்காரர் அவளுடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, இது சப்பாத்துல அடங்குற காலு இல்ல. ஒங்களுக்கு வள்ளந்தான் கட்டணும்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"கட்டிக் குடுங்கண்ணே. இங்க கடல்தான் இல்ல."

அவருக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. சாக்குக்குள் கையை விட்டுத் துழாவி, அடியிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு சோடியை எடுத்துத் தட்டினார். ஆம்பளைச் சப்பாத்து. இலேசாக இருந்தது. முன்பக்கம் வாத்தின் அலகைப் போல அகன்றிருந்தது. "வெளிநாட்டுல எவனோ ஓடுனது. அவனும் ஒங்க சாதிக் காலுக்காரன்தான் போல. ஒரு மாசமா ஒருத்தருக்கும் சேரல. போட்டுப் பாருங்க."

கால் உள்ளே போனது. எங்கும் இடிக்கவில்லை. சுண்டுவிரல் தன் இடத்தில் தனியாகப் படுத்துக்கொண்டது. அவள் எழுந்து நின்றாள். குதிகாலிலிருந்து கெண்டைக்காலுக்கு ஏறி, எப்போதும் அங்கேயே குடியிருந்த வலி என்ன செய்வதென்று தெரியாமல் சற்று விலகி நின்றதுபோல இருந்தது. தனக்குக் கால்கள் இருக்கின்றன என்பது சில கணங்கள் அவளுக்கு மறந்துபோனது. ஓடத்தானே வாங்குகிறோம், ஓடிப் பார்க்கவேண்டும் அல்லவா என்று நினைத்துக்கொண்டு படிக்கட்டில் மேலே ஓடினாள். இறங்கி வந்த ஒரு கிழவர் சுவரோடு ஒதுங்கி நின்று, "என்னா மகள், பஸ்ஸு போயிருச்சா?" என்று கேட்டார். அவள் நின்றுவிட்டாள். மூச்சு இரைத்தது. வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் கழற்ற மனம் வராமல் இன்னும் கொஞ்ச நேரம் அந்தச் சப்பாத்தோடு நின்றாள்.

வீட்டில் லோஜினி விளக்குக்குக் கீழே காலை நுழைத்து நாடாவை இழுத்துக் கட்டினாள். நடந்தாள். குதிகால் மேலே வந்து மேலே வந்து விழுந்தது.

"அக்கா, இது பெருசு."

"பெருசா இருக்காதுடி. எனக்குச் சரியா இருந்துச்சு."

"பெருசுக்கா."

"இறுக்கிக் கட்டு."

லோஜினி இறுக்கிக் கட்டினாள். மறுபடி நடந்தாள். பக்கவாட்டில் கால் உள்ளேயே வழுக்கியது தெரிந்தது. அவள் கழற்றிவிட்டு, அக்காவின் பக்கத்தில் சிமெந்துத் தரையில் தன் காலை வைத்தாள். இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள்.

நீளம் அதேதான். லோஜினியின் காலும் கடைக்காரன் கைவிடும் கால்தான். ஆனால் அதன் பக்கத்தில் சுதர்ஷினியின் கால் வேறு ஏதோ ஒன்றாக இருந்தது. விரல்கள் ஒன்றைவிட்டு ஒன்று தள்ளி, தேயிலை வேரைப் போல நாலா பக்கமும் பிரிந்து, நுனிகள் தரையைக் கவ்வி வளைந்திருந்தன. கொழுந்துச் சுமையோடு ஈரச் சரிவில் ஒரு காலை மேலேயும் ஒரு காலைக் கீழேயும் ஊன்றி நிற்கும்போது எது வழுக்காமல் பிடித்துக்கொண்டதோ, அது அப்படியே தங்கிவிட்டிருந்தது. தினம் பீலித் தண்ணீரில் கழுவுகிற காலை அவள் இப்போதுதான் பார்த்தாள்.

"எப்பக்கா இப்பிடி ஆச்சு?"

"தெரியல."

மெய்யாகவே தெரியவில்லை. உள்காம்பராவில் அப்பா இருமிவிட்டுத் திரும்பிப் படுத்தார். அட்டனில் அந்தச் சப்பாத்துக்காரர் இனி அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் கடை விரிப்பார்.

"நீயே போட்டுக்கக்கா. மலைக்குப் போட்டுட்டுப் போ."

"போட்டுட்டுப் போனா கங்காணி என்னையும் ஓட விட்டுருவாரு."

லோஜினி சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. கழற்றிய சப்பாத்தை மடியில் வைத்துக்கொண்டு அதன் நாடாவை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். சுதர்ஷினி எழுந்துபோய், அம்மா கடைசியாகப் போர்த்தியிருந்த பழைய கம்பிளியின் ஓரத்தைத் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் வெட்டிக்கொண்டு வந்தாள். கோடு போடவில்லை, அளக்கவில்லை. சப்பாத்துக்குள் கையை விட்டு, தன் கால் எங்கெங்கே போய்த் தொட்டது என்று விரலால் தேடினாள். சுண்டுவிரலுக்கு வெளியே ஒரு துண்டு. பெருவிரல் முட்டிப் பக்கம் ஒரு துண்டு. குதிகாலுக்கு மடித்த ஒன்று. தன்னுடைய காலின் மிச்சத்தை எல்லாம் கம்பிளியால் நிரப்பி, உள்பக்கமாகத் தைத்தாள். லோஜினி ஊசியில் நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டேயிருந்தாள்.

திங்கட்கிழமை விடியலில், வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்குத் தப்பு அடிப்பதற்கு முன், இரண்டு பேரும் லயத்து வீடுகளுக்குக் கீழே தார் ரோட்டில் இறங்கினார்கள். மூடுபனி தேயிலைச் செடிகளின் மேல் படுத்திருந்தது. லோஜினி ஒரு தரம் காலைத் தரையில் தட்டிப் பார்த்தாள். பிறகு ஓடினாள். நாலு எட்டில் ஆள் மறைந்து, காலடிச் சத்தம் மட்டும் கேட்டது.

லயத்தில் ஒரு கதவு திறந்தது. கம்பிளியைப் போர்த்துக்கொண்டு பேச்சியம்மா எட்டிப் பார்த்தாள். தோட்டத்தில் பெரிய ஆள் யாராவது ஓடினால் ஒன்று சாவு, இல்லாவிட்டால் தீ.

"யாருடி ஓடுறது? யாருக்கு என்னா?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல பெரியம்மா. தங்கச்சி சும்மா ஓடுறா."

"சும்மா எவளாவது ஓடுவாளாடி?"

சுதர்ஷினி கையைக் காட்டிப் பேசாமலிருக்கச் சொன்னாள். குதிகால் வழுக்கினால் சத்தத்தில் தெரியும், இரண்டு எட்டுக்கு ஒரு தரம் தாளம் தப்பி விழும். தட், தட், தட் என்று அது போய்க்கொண்டிருந்தது. கோயில் வளைவில் திரும்பும்போது ஒரு தரம் தடுமாறியதுபோலக் கேட்டது. பிறகு மலை மறைத்துக்கொண்டது, ஒன்றும் கேட்கவில்லை. பேச்சியம்மாவும் கதவைப் பிடித்தபடி அந்தப் பக்கமே பார்த்து நின்றாள். லோஜினி இனித் தேயிலை ஸ்டோரைச் சுற்றிக்கொண்டு மறுபக்கமாகத்தான் வரவேண்டும். சுதர்ஷினி மூச்சை அடக்கிக் காது கொடுத்து நின்றாள். சமதரையில்தான் நின்றாள். ஆனாலும் அவளுடைய விரல்கள் பத்தும் அகல விரிந்து, குளிர்ந்த தாரை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தன.