சாவி வராமல் இறங்காதே

ஜாஸ்லின் நாசரேத்துக்காரி, மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவள். தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலின் அடிப்பக்கம் முங்கி வேலை செய்து கொடுக்கிற சின்னக் கம்பெனி ஒன்றை நடத்தினாள். அந்தத் தொழிலில் அவளைச் சுற்றி எல்லாரும் ஆண்கள். முங்குகிறவர்கள் புன்னைக்காயல்காரர்கள், அவர்களில் மூத்தவன் ஸ்டெபின், சங்கு குளித்துப் பழகியவன். படகில் உட்கார்ந்திருக்கிற பொம்பளைக்கு அடியில் நடப்பதைப் பற்றி என்ன தெரியும் என்று மற்ற காண்டிராக்டர்கள் பேசுவது அவள் காதுக்கும் வந்திருந்தது.

அன்றைக்கு, சரக்கு இறக்கி முடித்த கப்பல் ஒன்றின் புரொப்பல்லரில் தடித்த கயிறு சுற்றிக்கொண்டது. மதியத்துக்குள் கப்பல் புறப்பட வேண்டும். ஏஜென்ட் நேசக்குமார் கரையில் நின்று அவசரப்படுத்தினார். ஆள் அடியில் இருக்கும்போது யாரும் ஓடவிடாதபடி இன்ஜினைப் பூட்டி, பூட்டின் சாவியைத் தன்னிடம் தரச் சொன்னாள், கப்பலின் பின்பக்கம் படகில் இருந்த ஜாஸ்லின். அணைத்துவிட்டதாக கப்பலிலிருந்து சொன்னார்களே, இதுவரை யாரும் சாவி கேட்டதில்லையே என்று அவர் சலித்துக்கொண்டார். முடியாதென்றால் வேறு ஆளைக் கூப்பிடுவதாகவும் சொன்னார்.

இந்த வேலை கைவிட்டுப் போனால் அவருடைய மற்றக் கப்பல்களின் வேலையும் போய்விடும் என்று ஜாஸ்லினுக்குத் தெரியும்.

ஸ்டெபின் காலில் ரப்பர் நீச்சல் துடுப்பை மாட்டிக்கொண்டு படகின் விளிம்பில் தயாராக இருந்தான். "அக்கா, ஆஃப்னு சொல்லிட்டாங்கல்லா. பொசுக்குன்னு அறுத்துட்டு வந்துருதேன்."

"சாவி என் கைக்கு வராம நீ இறங்கக் கூடாது ஸ்டெபின்."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நேசக்குமார் வேறு ஆளைக் கூப்பிடப் போனைக் காதில் வைத்தார்.

அப்போது படகு லேசாக ஆடியது. தண்ணீருக்கு மேலே தெரிந்துகொண்டிருந்த புரொப்பல்லர் இறக்கை, அவசரமே இல்லாமல் உள்ளே போயிற்று. அடுத்த இறக்கை மேலே வந்தது.

ஜாஸ்லின் எட்டி ஸ்டெபினின் தோளைப் பிடித்தாள். காய்ந்த தோள். ஒரு சொட்டுத் தண்ணீர் படாத தோள். "கர்த்தாவே" என்றாள்.

ஷிப்ட் மாறி வந்த கப்பல் இன்ஜினியர் ஒருவன், கீழே படகு நிற்பது தெரியாமல், கயிறு தளர்கிறதா என்று புரொப்பல்லரைச் சுற்றவிட்டுப் பார்த்திருக்கிறான். நேசக்குமார் தானே கப்பலேறிப் போய்ப் பூட்டவைத்து, வியர்த்து வழியச் சாவியோடு வந்தார். "தப்பு எங்க மேலதான் மேடம்" என்று மட்டும் சொன்னார்.

பிறகுதான் ஸ்டெபின் இறங்கினான். கயிற்றைத் துண்டு துண்டாக அறுத்து மேலே அனுப்பிவிட்டு, இளைக்க இளைக்கப் படகேறினான். வீட்டுக்குப் போன் போட்டு மகள் சாப்பிட்டாளா என்று கேட்டான். வேலை நேரத்தில் அவன் அப்படிக் கேட்டு ஜாஸ்லின் பார்த்ததில்லை.

கப்பல் நகர்ந்து துறைமுக முனையைத் தாண்டியதும் ஜாஸ்லின் படகிலிருந்த கயிற்றுக் குவியலில் சாய்ந்தாள். அப்படியே கண்ணயர்ந்தாள். வெயில் முகத்தில் படாமல் தன் துண்டை விரித்துப் பிடித்த ஸ்டெபின், படகோட்டியிடம் மெதுவாகச் சொன்னான்: "மெல்லப் போலே. அக்கா தூங்குதாங்க."