நினிவேயின் மாடுகள்

விவிலியத்தின் யோனா நூல் சிரிக்க வைப்பதற்கென்றே எழுதப்பட்டது என்று செண்பகனூர் மலையில் நடந்த கருத்தரங்கில் பிலோமினா கட்டுரை வாசித்தாள். தான் சொன்னபடி நினிவே நகரம் அழியவில்லையே என்று இறைவாக்கினர் யோனா முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அந்த ஊர் மக்களுக்கும் மாடுகளுக்கும் நான் இரங்கக் கூடாதா என்று கடவுள் கேட்பதோடு நூல் முடிகிறது.

"மாடுகளப் பத்திச் சொல்லி முடிச்சது வேடிக்கைதானேங்க ஃபாதர்?"

"வேதத்துல ஏதும்மா வேடிக்கை?" என்றார் முன்வரிசையிலிருந்த ஃபாதர் அருள்ராயர். வருடாவருடம் இதே பதில்; பிலோமினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாப்பாட்டு மணி அடித்ததும் முதலில் எழுந்துபோன ஃபாதர், கதவைத் திறந்து, சத்தமில்லாமல் மூடினார். வாசற்படியை அடைத்துக்கொண்டு ஒரு காட்டுமாடு அசைபோட்டபடி படுத்திருந்தது. அதுவாக எழுந்து போகும்வரை காத்திருப்பதுதான் மலையில் வழக்கம்.

ஃபாதரின் தோள்கள் மெல்லக் குலுங்கின.

"கடைசிப் பக்கத்த இன்னொரு தடவ வாசிங்கம்மா," என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "மாடு போற வரைக்கும் சிரிச்சிட்டிருப்போம்."